ஒன்றுமில்லாத மலை

கணக்கு உபாத்தியாயரைக் கண்டால் பிள்ளைகள் நடுங்குவது உலக வழக்கம். பிள்ளை கேட்ட கேள்விக்குக் கணக்கு உபாத்தியாயர் நடுங்கியதும் உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல உத்தேசம். கேள்வி அப்படி ஒன்றும் பெரிய கேள்வி அல்ல. பூஜ்யத்தைப் பற்றியது.

2024-ம் வருஷம் டிசம்பர் மாதம், அரையாண்டுப் பரீட்சை விடுமுறை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரையும், காவலுக்காகத் தேகாப்பியாச ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு ஆழியாற்றுக்குப் போயிருந்தேன். (காவல் பிள்ளைகளுக்கா, உங்களுக்கா என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லாமல் புறப்பட்டுவிட்டேன்.) பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகும் பாதை ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஒன்பதாவது வளைவுக்குச் சமீபத்தில், பாதை ஓரத்துப் பாறைகளின்மேல் வரையாடுகள் வந்து நிற்பதுண்டு. அவற்றைப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. பார்த்தால் மட்டும் போதாது, எண்ண வேண்டும் என்பது என் ஆசை. மூன்று நாள் காலையிலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உட்கார்ந்து, கண்ணில் படும் ஆடுகளைக் கால் மணிக்கு ஒரு தடவை எண்ணி நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

முதல் நாள் வானம் நிர்மலமாயிருந்தது. அதிகபட்சம் ஒன்பது ஆடுகளை எண்ணினோம். மலை பார்க்க வந்த கனவான் ஒருவர், மூன்று வயதுக் குழந்தையை ஓர் ஆட்டின் அருகில் நிறுத்திக் கைபேசியில் படம் பிடிக்கப் பிரயாசைப்பட்டார். அவருடைய மனைவி உருளைக்கிழங்கு வறுவலை ஆட்டுக்கு நீட்டினாள். ஆடு அவ்விருவரையும்விட மரியாதை தெரிந்ததாகையால் மெதுவாக விலகிப் போய்விட்டது. மனிதர் கொடுக்கும் தின்பண்டம் காட்டு ஜீவனுக்கு விஷம் என்று நான் அந்த அம்மாளிடம் சொன்னேன். "ஐயோ பாவம், பசிக்காதா?" என்றாள். அம்மாளின் நெஞ்சில் இருந்தது கருணைதான்; அதற்குமேல் என்ன சொல்வது?

இரண்டாம் நாள் மூட்டம் வந்துவிட்டது. பாதை ஓரத்துச் சுவருக்கு அப்பால் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டியது போல் இருந்தது. அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைத்திருந்த பையன் அலுத்துப் போய், "பூஜ்யம் போட்டுவிடலாமா, ஸார்?" என்றான். "போடு" என்றேன் நான்.

நோட்டுப் புத்தகம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் இருந்தது. வகுப்பில் வாயே திறக்காதவன், கணக்கிலும் சுமாரானவன். அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

"பூஜ்யம் போடக் கூடாது, ஸார்."

"ஏன் போடக் கூடாது?"

"ஆடு இல்லையென்றால்தானே பூஜ்யம்? நாம் பார்க்கவே இல்லையே, ஸார். மூட்டத்தைத்தானே பார்த்தோம்?"

"பின்னே என்ன எழுதப் போகிறாய்?"

"கோடு போட்டுவிடுகிறேன். 'காணோம்' என்று எழுதுகிறேன், ஸார். 'இல்லை' என்று எழுத மாட்டேன்."

கணிதத்தில் பட்டம் பெற்றவன் நான். இருபது வருஷத்துக்கு மேலாகப் பூஜ்யத்தின் மகிமையைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்து வருகிறவன். நம் நாடு உலகத்துக்குத் தந்த கொடை என்று மார் தட்டிக்கொள்கிறவன். அந்தப் பூஜ்யத்தை எங்கே போடக் கூடாது என்பதை ஏழாம் வகுப்புப் பையன் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கால் மணி கழித்து காற்றுச் சற்று வீசிற்று. வெள்ளைத் துணி கிழிந்தது. எங்களுக்கு நேர் கீழே, ஐம்பது கஜ தூரங்கூட இராது, பாறைச் சரிவில் பதினான்கு ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. குட்டிகள் தாயை ஒட்டி நின்றன. கிழப் பெட்டை ஒன்று மட்டும் தலையைத் தூக்கி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முக்கால் மணி நேரமும் அது எங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் குரலாவது கேட்டிருக்குமே!

வரையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். 'வரை' என்றால் மலை. 'வருடை' என்ற பெயரில் சங்க காலத்துப் புலவர்களே இதை அறிந்திருந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாமல், நீலகிரி முதல் அகஸ்தியர் மலை வரையில் சுமார் 400 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் மட்டும் வாழ்வது. ஆடு என்று பெயரே தவிர, வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று 2005-ல் விஞ்ஞானிகள் கண்டு, அதைத் தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் அரசு விலங்கு இதுவே. வெள்ளைக்காரத் துரைமார்கள் இதை 'ஐபெக்ஸ்' என்று அழைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். வயதான கிடாவின் முதுகில் சேணம் போட்டது போல் வெளிறிய திட்டு ஒன்று விழும். அந்தக் கிடாவின் தலையைச் சுவரில் மாட்டிவைப்பதில் அவர்களுக்குப் பெரிய பெருமை. சுடச் சுட ஆடு குறைந்துகொண்டே வந்ததைக் கண்டு 1879-ல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்குகளையும் மீனையும் காப்பாற்ற ஒரு சட்டம் போட்டார்கள். அடுத்த வருஷமும் சுடுவதற்கு ஆடு மிச்சமிருக்க வேண்டுமே என்ற கவலைதான் அதில் பெரும்பங்கு. ஆனாலும் அந்தக் கவலையால் சில கூட்டங்கள் பிழைத்தன என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூணாற்றுப் பக்கத்து இரவிகுளமும் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் வேட்டைக்கென்று காத்துவைத்த புல்வெளிதான். 1975-ல் அதைச் சரணாலயமாக்கினார்கள். 1978-ல் தேசியப் பூங்காவாக்கினார்கள். இன்று உலகத்திலேயே வரையாடுகள் மிகுதியாகச் சேர்ந்து வாழும் இடம் அதுதான். குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பிரயாணிகளுக்கு அங்கே கதவை அடைத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு.

இனிக் கணக்குக்கு வருகிறேன். என் தொழில் புத்தி. நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

மலையில் உள்ள ஆட்டை எப்படி எண்ணுவது? ரேஷன் கார்டு போட்டு வீடு வீடாகப் போக முடியாது. மலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எல்லாப் பகுதியிலும் ஒரே நாட்களில் ஆட்களை நிறுத்தி, பல தடவை எண்ணுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் எண் வரும். அவற்றில் எது சரி? ஒன்றும் சரியல்ல, ஏனென்றால் எவ்வளவு கூர்மையான கண்ணானாலும் பாறைக்குப் பின்னால் நிற்கும் ஆட்டைப் பார்க்காது. ஆகவே ஒரு யுக்தி செய்கிறார்கள். கிடைத்த எண்களில் மிகப் பெரியதை எடுத்து இரட்டிப்பது. அதிலிருந்து இரண்டாவது பெரிய எண்ணைக் கழிப்பது. எங்கள் பிள்ளைகளின் மூன்று நாள் கணக்கு 9, 14, 12. பதினாலை இரட்டித்தால் 28. அதில் 12 போனால் 16. பதினாலுதான் பார்த்தோம்; பதினாறு இருக்கக்கூடும் என்பது தாத்பரியம். கண்ட எண்ணோடு காணாததற்கும் ஓர் இடம் விட்டுவைக்கிற இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றனவோ, அவ்வளவுக்கு நம் கண்ணின்மேல் நமக்கு நம்பிக்கை குறைய வேண்டும் என்று அது சொல்கிறது. இன்னொரு முறையும் உண்டு. இரண்டு பேர் ஒரே சரிவைத் தனித்தனியே, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் எண்ணுவது. இருவரும் கண்டவை எத்தனை, ஒருவர் மட்டும் கண்டவை எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்த்தால், இருவருமே காணாமல் விட்டது எத்தனை இருக்கும் என்பது புலப்படும்.

இந்த மாதிரி மலை மலையாக ஏறி வரையாட்டைக் கணக்கெடுத்த முன்னோடிகளில் ஒருவர் நீலகிரியில் வாழ்ந்த ஈ. ஆர். சி. டேவிதார். 1975-ல் அவர் செய்த ஆராய்ச்சியை நினைவுகூர்ந்துதான் அக்டோபர் 7-ந் தேதியைத் தமிழ்நாட்டில் வரையாட்டு தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2023-ல் தமிழ்நாடு அரசு 25 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகமான செலவில் வரையாட்டுக்கென்று தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அதன்படி 2024-ல் தமிழ்நாட்டு மலைகளில் ஒரே சமயத்தில் எண்ணியதில் 1,031 ஆடுகள் என்று கணக்கு வந்தது. 2025 ஏப்ரலில் கேரளத்தாரும் நம்மவரும் சேர்ந்து எண்ணினார்கள். தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, ஆக மொத்தம் 2,668. ஆட்டுக்கு ராஜ்ய எல்லை தெரியாது. ஆகையால் இரண்டு பேரும் ஒரே நாளில் எண்ணுவதுதான் நியாயம். இல்லாவிட்டால் காலையில் நம் பக்கத்தில் மேய்ந்த ஆட்டை மாலையில் அவர்களும் எண்ணிவிடுவார்கள்.

1,031 என்பது 1,303 ஆயிற்று என்றதும் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே மகிழ்ச்சி. "ஒரே வருஷத்தில் 272 ஆடு கூடிவிட்டதே!" என்றார் சரித்திர ஆசிரியர். கூடியிருக்கலாம். கூடியிருந்தால் சந்தோஷம். ஆனால் முதல் வருஷம் 140 பகுதிகளில் எண்ணினார்கள். மறு வருஷம் 177 பகுதிகளில் எண்ணினார்கள். புதிதாகப் போன இடத்தில் கண்ட ஆடு புதிதாகப் பிறந்த ஆடு ஆகிவிடுமா? அதுவரையில் அங்கே கோடு போட்டிருந்தார்கள். இப்போது எண் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சரித்திர ஆசிரியருக்கு என்மேல் கொஞ்சம் மனஸ்தாபம்.

ஆட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன், ஆட்டின் வீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்கிறேனே என்று நேயர்கள் கேட்கலாம். பேசக் கூசுகிறது. ஆனாலும் பையனின் கேள்விக்கு நான் நடுங்கிய காரணம் அங்கேதான் இருக்கிறது.

2003-ல் எனக்கு வயது இருபத்து நான்கு. பழனி மலையில், கொடைக்கானலுக்கும் அப்பால் மேல்மலைக் கிராமம் ஒன்றில், என் முதல் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு புல் மலை. உச்சி வரையில் புல். மடிப்புகளில் மட்டும் குட்டையான கரும்பச்சைக் காடு. சமவெளியில் பிறந்த எனக்கு அது அரைகுறையாகச் சவரம் செய்த முகம் போல் தோன்றிற்று. இவ்வளவு நிலம் வீணாய்க் கிடக்கிறதே என்று தினம் ஆதங்கப்படுவேன். 1950-ல் முன்ஷி தொடங்கிய வன மஹோத்ஸவத்தைப் பற்றியெல்லாம் படித்தவன். மரம் நடுவது தேச சேவை என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை. எங்கே, என்ன மரம் என்பதுதான் விஷயம்.

அறுநூறு கன்றுகள் இனாமாகக் கிடைத்தன. வாட்டில் என்னும் மரம். நீலகிரியில் சீகை என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. பின்னால் தோல் பதனிடும் பட்டைக்காக நம்மவர்களே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிரிட்டது. சீக்கிரம் வளரும், அழகாக மஞ்சள் பூப் பூக்கும் என்று சொன்னார்கள். பிள்ளைகளைத் திரட்டினேன். "மொட்டைத் தலைக்கு முடி வளர்க்கப் போகிறோம்!" என்று பிரசங்கம் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள், உற்சாகமாக வேலை செய்தார்கள். முதல் கோடையில் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்கள். சின்னஞ்சிறு பெண் குழந்தைகள்கூடச் சுமந்தன.

கன்று வாங்குவதற்கு ஓர் அச்சிட்ட பாரம் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. அதில் ஒரு கலம்: 'நடுவதற்கு முன் அவ்விடத்தில் உள்ளவை.' நான் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'ஒன்றுமில்லை.'

ஒன்றுமில்லையா? அந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் உண்டானது என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நீலகிரியின் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டி ஆராய்ந்தவர்கள், சுமார் 20,000 வருஷங்களாக அந்த மலைகளில் புல்லும் சோலையும் மாறி மாறி இருந்துவந்திருக்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். கோடரி பிறப்பதற்கு முன்பே அங்கே புல் இருந்தது. காற்றும் உறைபனியும் வீசும் திறந்த சரிவில் சோலை மரத்தின் இளங்கன்று பிழைப்பது துர்லபம். ஆகவே சோலை மடிப்பில் ஒதுங்குகிறது. புல் மேட்டை ஆள்கிறது. பெய்யும் மழையைப் புல்லின் வேரும் கரிய மண்ணும் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக ஓடையில் விடுகின்றன. பழனி மலையின் தெற்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் சில வைகையில் போய்ச் சேர்கின்றன. மதுரைக்காரர்களுக்கும் அந்தப் புல்லில் பாத்தியதை உண்டு. வரையாட்டுக்கு மேய்ச்சல் அந்தப் புல்தான். புலியோ செந்நாயோ வருவதைத் தூரத்திலிருந்தே பார்க்கத் திறந்த வெளி வேண்டும். பார்த்தவுடன் தாவ அருகில் பாறை வேண்டும். மரம் அடர்ந்தால் அதற்குக் கண் கட்டினாற்போல. நெட்டைக்காலி என்று ஒரு சிறு குருவி, மண்ணிறத்தில் இருக்கும். நீலகிரிப் பெயரால் வழங்கும் அந்தக் குருவி இந்த உயர்ந்த மலைப் புல்வெளிகளிலன்றி வேறெங்கும் கூடு கட்டாது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் குறிஞ்சியும் புல்வெளிச் செடிதான். 2018-ல் பூத்தது, இனி 2030-ல் பூக்கும்.

இன்னொன்று சொல்கிறேன். ஆனைமுடி தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரம், 2,695 மீட்டர். துரைமார்கள் துப்பாக்கியோடு சுற்றிய இடம்; பிறகு விஞ்ஞானிகள் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றிய இடம். அந்த இரவிகுளத்துப் புல்லின் தூற்றுக்குள் செந்நெருப்பு நிறத்தில், குட்டைக் கால்களோடு ஒரு சின்னஞ்சிறு தவளை வாழ்ந்துகொண்டிருந்தது. அது புதிய இனம் என்று பெயரிட்டு உலகத்துக்கு அறிவித்தது 2010-ல்தான்! அவ்வளவு பளிச்சென்ற நிறமுள்ள பிராணியே அத்தனை காலம் கோட்டுக்குள் இருந்திருக்கிறது. மண்ணிறக் குருவியையும் சாம்பல் நிற ஆட்டையும் இருபத்து நான்கு வயதுக் கணக்கு வாத்தியார் காணாமல் போனதில் ஆச்சரியம் என்ன? காணாமல் போனது குற்றமல்ல. 'காணோம்' என்று எழுதாமல் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேனே, அதைத்தான் சொல்கிறேன்.

என்னைப் போல் எழுதியவர்கள் பலர். பட்டணத்துக் காரியாலயங்களில் புல்வெளிக்குத் 'தரிசு' என்று பெயர் வைத்தவர்கள் எல்லோரும் என் ஜாதிதான். பழனி மலையின் செயற்கைக் கோள் படங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியான கட்டுரை ஒன்று, நாற்பது வருஷங்களில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. அவ்விடத்தில் வாட்டிலும் பைனும் தைலமரமும் விவசாயமும் வந்துவிட்டன. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அறுநூறு மரத்துக்கு எத்தனை ஏக்கர் என்று மனத்துக்குள் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்டித் தொலைக்கலாமே என்றால், அதுவும் எளிதல்ல. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷங்கள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் பட்டதும் ஒன்றுக்கு நூறாக முளைக்கும். வருஷம் தவறாமல் பிடுங்கிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும், பொறுமை வேண்டும். இன்னும் ஒரு விசித்திரம்: சில இடங்களில் பழைய வாட்டில் தோப்பின் நிழலில் சோலை மரங்கள் தாமாகவே முளைத்து எழும்புகின்றன. அங்கே கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் சோலையையும் சேர்த்து வெட்டியதாகும். ஆக, வெட்டுவதற்கு முன்னும் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். மிஞ்சியிருக்கும் புல்வெளியை முதலில் காப்பாற்றுவது, பிறகு ஓரங்களில் நுழையும் இளங்கன்றுகளைப் பிடுங்குவது, அப்புறம் தோப்புகளைப் பற்றி யோசிப்பது என்ற வரிசைதான் எனக்கு விவேகமாகப் படுகிறது. பெரிய தோப்பை வெட்டினால் பத்திரிகையில் படம் வரும். இளங்கன்றைப் பிடுங்கினால் வராது. அதனால்தானோ என்னவோ, வரிசை பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது.

2025 மே மாதம் அந்த மேல்மலைக் கிராமத்துக்குப் போனேன். இருபது வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவை. அன்று என்னோடு கன்று நட்ட மாணவன் ஒருவன் இன்று அங்கே டீக்கடை வைத்திருக்கிறான். காரட், உருளைக்கிழங்கும் பயிரிடுகிறான். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். என்னைக் கண்டதும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, "வாங்க ஸார், நம்ம தோப்பைக் காட்டுகிறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

நம்ம தோப்பு! மரங்கள் ஓங்கி வளர்ந்திருந்தன. நட்டது அறுநூறு, இப்போது எத்தனை என்று எண்ண முடியாது. அவை மேட்டைத் தாண்டி அடுத்த சரிவிலும் இறங்கியிருந்தன. உள்ளே இருட்டு. காலடியில் காய்ந்த சருகைத் தவிர வேறில்லை. என் மாணவன் ஒரு மரத்தைத் தட்டிக் காட்டி, "இது நான் நட்டது ஸார். மொட்டைத் தலைக்கு முடி என்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா?" என்று சிரித்தான். இருக்கிறது என்றேன். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு அதற்குமேல் பேச்சு எழவில்லை.

திரும்பி வரும்போது அவன் தன் கஷ்டங்களைச் சொல்லிக்கொண்டு வந்தான். காட்டுமாடுகள் மந்தையாக வயலில் இறங்கிக் காரட்டை நாசம் செய்கின்றனவாம். முன்னெல்லாம் மேலேயே மேயும். இப்போது ஏன் இறங்குகின்றன என்று தெரியவில்லையாம். நாங்கள் தண்ணீர் சுமந்த ஓடை பங்குனியிலேயே வற்றிவிடுகிறதாம். இவ்வளவுக்கும் எங்கள் அறுநூறு மரந்தான் காரணம் என்று நான் சொன்னால் அது ஒருவகை அகம்பாவமாகும். ஆனால் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

இரவு அவன் வீட்டுத் திண்ணையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். புல்லைப் பற்றி, ஓடையைப் பற்றி, பாரத்தில் நான் எழுதிய வார்த்தையைப் பற்றி, எல்லாம். அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கள் தண்ணீர் சுமந்தோமே, ஸார்?" என்று மட்டும் கேட்டான்.

"சுமந்தது தப்பில்லையப்பா. கணக்குத் தப்பு. போட்டவன் நான்" என்றேன்.

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். கோபமோ வருத்தமோ எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட வந்தான். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவனிடமிருந்து டெலிபோன் வந்தது. ஊருக்கு மேற்கே இன்னொரு மேடு இருக்கிறதாம். அது இன்னும் புல்லாகவே இருக்கிறதாம். ஊர்க் கமிட்டியில் ஆயிரம் கன்று நடுவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். கமிட்டியில் அவனும் ஓர் அங்கத்தினன். "என்ன கன்று?" என்றேன். இந்தத் தடவை சோலை மரக் கன்றுகள்தானாம். அயல்நாட்டு மரம் ஒன்றுமில்லையாம். "நல்ல மரம் தானே, ஸார்? நடலாமல்லவா?" என்று கேட்டான். அவன் கேட்ட தொனியில் பழைய மாணவனின் நம்பிக்கை மறுபடி தலை காட்டிற்று. எனக்கு வயிற்றில் பகீர் என்றது.

"அந்த மேட்டில் இப்போது என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"ஒன்று..." என்று ஆரம்பித்தவன், நிறுத்திக்கொண்டான். பிறகு, "பார்க்கவில்லை ஸார்" என்றான்.

பூஜா விடுமுறைக்கு வருகிறேன், அதுவரையில் தீர்மானத்தை நிறுத்திவைக்கச் சொல் என்றேன். கமிட்டியில் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள் என்றான். வரட்டும், நானும் வருகிறேன் என்றேன். மூன்று நாள் காலையில் மேட்டில் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தனக்குத் தெரிந்த கிழவர் ஒருவர் அந்த மேட்டில் மாடு மேய்த்தவர் என்றும், அவரையும் அழைத்து வருவதாகவும் சொன்னான். "காலையில் பனி கொட்டும், ஸார். கம்பளி ஒன்று போதாது, இரண்டாகக் கொண்டு வாருங்கள்" என்றும் சொன்னான்.

ஏழாம் வகுப்புப் பையன் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறான். அவனுடைய தகப்பனாரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. புது நோட்டுப் புத்தகத்தில் இப்போதே கலம் கலமாக ரூல் போட்டு வைத்திருக்கிறான். வாங்கிப் பார்த்தேன். கடைசிக் கலத்துக்கு மட்டும் மற்றவற்றைவிட அகலமாக இடம் விட்டிருந்தான். தலைப்பு: 'காணோம்.'